மெழுகுவர்த்தி ஏந்திய மேதை மைக்கேல் ஃபாரடே



முதலில் ஒரு சின்னக் கேள்வி. மெழுகுவர்த்தி எரிகிறதே, அதில் எரிவது எது? திரி என்று சொல்வீர்களா? வெறும் நூலைக் கொளுத்தினால் கண் மூடித் திறப்பதற்குள் சாம்பலாகிவிடுகிறதே! மெழுகு என்று சொல்வீர்களா? ஒரு கட்டி மெழுகில் தீக்குச்சியை வைத்துப் பாருங்க, உருகுமே தவிர பற்றிக்கொள்ளாது. அப்படியானால் எரிவது எதுதான்?

டிரான்ஸ்ஃபார்மருக்கு டெஃபனிஷன் கேட்டால் ஒரே மூச்சில் ஒப்பிக்கிற நாம், இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் தலையைச் சொறிவோம். ஆனால் 1860-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில், லண்டனில் ஒரு கூடத்தில் உட்கார்ந்திருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் இதற்கு விடையைக் கண்ணாலேயே பார்த்தார்கள். செய்து காட்டியவருக்கு அப்போது வயது 69. நாம் ஒப்பிக்கிற அந்த டிரான்ஸ்ஃபார்மருக்கு மூலமான கண்டுபிடிப்பும் அவருடையதுதான். அவர்தான் மைக்கேல் ஃபாரடே.

கொல்லர் வீட்டுப் பிள்ளை

1791 செப்டம்பர் 22-ஆம் தேதி, லண்டனை ஒட்டிய நியூயிங்டன் பட்ஸ் என்ற இடத்தில் ஃபாரடே பிறந்தார். அப்பா ஜேம்ஸ் இரும்புக் கொல்லர். உடம்புக்கு முடியாத மனிதர், அடிக்கடி பட்டறைக்குப் போக முடியாது. வீட்டில் நான்கு பிள்ளைகள். 1801-இல் தானிய விலை எகிறிய சமயம், சிறுவன் மைக்கேலுக்கு வாரத்துக்கு ஒரு ரொட்டி என்று கொடுத்தார்களாம். அந்த ஒன்றையே வாரம் முழுக்க வைத்துச் சாப்பிட வேண்டும். படிப்போ, எழுதப் படிக்கவும் கொஞ்சம் கணக்கும் மட்டும்தான்.

1804-இல், 13 வயதில், ரீபோ என்பவருடைய புத்தகக் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தான். வாடகைக்கு விடும் செய்தித்தாளை வீடு வீடாகக் கொடுத்து, திரும்ப வாங்கி வருவது வேலை. பையனின் நாணயத்தைப் பார்த்த முதலாளி, மறு வருடமே பணம் எதுவும் வாங்காமல் பைண்டிங் தொழிலுக்கு அப்ரண்டிஸாக எடுத்துக்கொண்டார். ஏழு வருட அப்ரண்டிஸ்! நமக்கெல்லாம் ஒரு வருடத்துக்கே அலுத்துப் போகிறது.

மற்ற பையன்கள் புத்தகத்தைத் தைத்து, ஒட்டி, அட்டை போட்டு அனுப்பினார்கள். மைக்கேல் அதைத் திறந்தும் பார்த்தான். பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியம் பைண்டிங்குக்கு வந்தபோது மின்சாரம் பற்றிய பகுதியைப் படித்தான். பிறகு அவன் கையில் கிடைத்தது வேதியியல் பற்றி ஜேன் மார்செட் என்ற பெண்மணி எழுதிய ஒரு புத்தகம். 1806-இல் வெளிவந்தது. ஓர் ஆசிரியை இரண்டு பெண் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுகிற மாதிரி, ஒன்றுமே தெரியாதவர்களுக்கும் புரியும்படி எழுதியிருந்தார். அதில் சொன்ன சோதனைகளை, கையில் இருந்த சில்லறைக்கு என்ன வாங்க முடியுமோ அதை வாங்கி, தானே செய்து பார்த்தான். புத்தகம் சொன்னது போலவே நடந்தது. அன்றிலிருந்து அறிவியல் மேல் பிடிப்பு விழுந்துவிட்டது.

இந்தப் புத்தகத்தை மறந்துவிடாதீர்கள் நண்பர்களே, கடைசியில் இதற்குத்தான் திரும்பி வரப்போகிறோம்.

300 பக்க நோட்டு

அந்த நாளில் அறிவியல் சொற்பொழிவு கேட்கக் காசு வேண்டும். டேட்டம் என்பவரின் வகுப்புக்கு ஒரு தடவைக்கு ஒரு ஷில்லிங். கொல்லுப்பட்டறையில் உழைத்த அண்ணன் ராபர்ட் தம்பிக்காக அதைக் கொடுத்தார். 1812-இல் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், பெரிய விஞ்ஞானி ஹம்ப்ரி டேவி ராயல் இன்ஸ்டிடியூஷனில் பேசும் நான்கு கூட்டங்களுக்கு டிக்கெட் கொடுத்தார். ஃபாரடே கேட்டதையெல்லாம் எழுதினார், படம் வரைந்தார், சுமார் 300 பக்கம் வந்தது. தெரிந்த தொழில் பைண்டிங் ஆச்சே, அழகாக அட்டை போட்டு டேவிக்கே அனுப்பி, ஒரு வேலை கேட்டுக் கடிதமும் வைத்தார்.

1813 மார்ச் 1-ஆம் தேதி வேலை கிடைத்தது. லேப் உதவியாளர். வாரம் 25 ஷில்லிங், மாடியில் இரண்டு அறை. நம்ம பாஷையில் சொன்னால் லேப் அசிஸ்டெண்ட், அவ்வளவுதான். டிகிரி கிடையாது, சிபாரிசு கிடையாது. ரெக்கார்டு நோட்டுதான் சிபாரிசு!

அதே ஆண்டு டேவி தம்பதியரோடு ஐரோப்பியப் பயணம் போனார். போன இடத்தில் டேவியின் சொந்த வேலைக்காரர் செய்ய வேண்டியதையும் இவர் தலையில் கட்டினார்கள். டேவியின் மனைவி இவரை வேலைக்காரர் போலவே நடத்தினார். ஊருக்கே திரும்பிவிடலாமா என்று ஃபாரடேக்குத் தோன்றியது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். அந்தப் பயணத்தில்தான் பாரீஸில் ஆம்பியரையும் மிலானில் வோல்டாவையும் பார்த்தார். நம் மீட்டரில் தினமும் படிக்கிற இரண்டு பெயர்கள்!

ஊசி அசைந்த நாள்

1821-இல், மின்சாரம் பாயும் கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுழலும்படி செய்து காட்டினார். நம் வொர்க்ஷாப்பில் ஓடும் மோட்டாருக்கு அதுதான் கொள்ளுத்தாத்தா. 1825-இல் பென்சீனைக் கண்டுபிடித்தார். பிறகு வந்தது 1831 ஆகஸ்ட் 29.

ஓர் இரும்பு வளையம். அதன் ஒரு பக்கம் ஒரு சுருள், மறுபக்கம் இன்னொரு சுருள். முதல் சுருளை பேட்டரியில் இணைத்தார். இரண்டாவது சுருளின் பக்கம் இருந்த ஊசி ஒரு துள்ளுத் துள்ளி, பழைய இடத்துக்கே வந்து நின்றது. பேட்டரியைக் கழற்றினார். ஊசி எதிர்ப்பக்கம் துள்ளியது. மின்சாரம் சீராக ஓடும்போது ஒன்றுமில்லை, மாறும்போது மட்டும்தான் துள்ளல். டிரான்ஸ்ஃபார்மருக்கு டி.சி. கொடுத்தால் ஏன் வேலை செய்யாது என்று வைவாவில் கேட்பார்களே, அதற்கு விடை அன்றைக்கே அந்த ஊசி சொல்லிவிட்டது. அக்டோபர் 17-இல் சுருளுக்குள் காந்தத்தை நுழைத்து எடுத்தே மின்சாரம் உண்டாக்கினார். அதே மாதம் 28-இல், பெரிய காந்தத்தின் துருவங்களுக்கு இடையே செப்புத் தட்டைச் சுழற்றித் தொடர்ந்து மின்சாரம் எடுத்தார். இன்று மேட்டூரில் தண்ணீர் சுற்றினாலும் நெய்வேலியில் நீராவி சுற்றினாலும், உள்ளே நடப்பது அதே விஷயம்தான்.

ஃபாரடேக்கு உயர் கணிதம் தெரியாது. காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள் போட்டால் வரும் கோடுகளை மனசில் வைத்தே எல்லாவற்றையும் யோசித்தார். பின்னால் மாக்ஸ்வெல் அதைக் கணக்காக மாற்றினார். இன்னொரு குறையும் உண்டு. நடு வயதிலேயே தலைவலி, தலைசுற்றல், ஞாபக மறதி. சோதனைக் குறிப்புகளைப் பத்தி பத்தியாக நம்பர் போட்டு எழுதி வைத்தார். அந்த நம்பர் 16,000-ஐத் தாண்டியது. ரெக்கார்டு எழுதச் சோம்பல்படும் நண்பர்கள் கவனிக்க!

பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு

இத்தனை பெரிய ஆள் செய்த வேலைகளில் என்னைக் கவர்ந்தது வேறு ஒன்று. ராயல் இன்ஸ்டிடியூஷன் 1825-இல் சிறுவர் சிறுமியருக்கு கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளைத் தொடங்கியது. ஃபாரடே 1827-இலிருந்து மொத்தம் 19 தொடர்கள் பேசினார். பேச்சு தானாக வரவில்லை. பேச்சுக்கலை ஆசிரியரிடம் பாடம் கேட்டார். வேகமாகப் பேசும்போது, மெதுவாக என்று எழுதிய அட்டையை எதிரே வைக்கும்படி தன் உதவியாளர் ஆண்டர்சனிடம் சொல்லி வைத்திருந்தார். செமினார் என்றால் கை நடுங்குகிற நமக்கு இது எவ்வளவு ஆறுதல்!

கடைசியாக அவர் பேசிய தொடர், மெழுகுவர்த்தி. ஆறு சொற்பொழிவுகள். கடையில் வாங்குகிற ஒரு மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு இயற்பியல், வேதியியல் இரண்டையும் சொல்லிவிட்டார்.

எரியும் மெழுகுவர்த்தியின் தலை ஏன் கிண்ணம் மாதிரி குழிகிறது? சுடரால் சூடான காற்று மேலே போகிறது, கீழிருந்து குளிர்ந்த காற்று ஓரத்தைத் தடவிக்கொண்டு வருகிறது. அதனால் ஓரம் உருகாமல் நிற்கிறது, நடு மட்டும் உருகுகிறது. உருகிய மெழுகு எப்படி மேலே ஏறுகிறது? ஒரு தட்டில் உப்பைக் குவித்து, அடியில் நீலச்சாயம் கலந்த உப்புக் கரைசலை ஊற்றினார். நீலம் மெல்ல மெல்ல உச்சி வரை ஏறியது. பக்கெட் விளிம்பில் போட்ட துண்டு தண்ணீரை உறிஞ்சி வெளியே சொட்ட விடுகிறதே, அதே சங்கதி. நுண்துளை ஏற்றம் என்று படிக்கிறோம்.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். ஒரு வளைந்த கண்ணாடிக் குழாயின் நுனியைச் சுடரின் நடுவில் வைத்தார். குழாய் வழியாக வந்த ஆவியை மறுமுனையில் கொளுத்தினார், எரிந்தது! ஆக, எரிவது மெழுகின் ஆவி. திரி என்பது உருகிய மெழுகை மேலே ஏற்றிச் சுடரிடம் கொடுக்கும் பம்பு மாதிரி.

சுடர் ஏன் மஞ்சளாக ஒளிர்கிறது? உள்ளே இருக்கும் கரித்துகள்கள் பழுக்கக் காய்வதால். சுடரில் கரண்டியைப் பிடித்தால் கரி படிவதே சாட்சி. சுடருக்கு மேலே பனிக்கட்டியும் உப்பும் போட்ட பாத்திரத்தைப் பிடித்தார். அடியில் தண்ணீர் துளிர்த்தது. நெருப்பிலிருந்து தண்ணீர்! மெழுகிலுள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்ததால் வந்தது. கார்பன் கார்பன் டை ஆக்சைடாகிச் சுண்ணாம்பு நீரைப் பால் போல் ஆக்கியது. பிறகு நம் மூச்சுக் காற்றும் சுண்ணாம்பு நீரை அதே மாதிரி மாற்றுவதைக் காட்டினார். நமக்குள்ளும் ஒரு மெதுவான எரிதல் நடக்கிறது என்று பிள்ளைகளுக்குப் புரிந்தது.

அந்தத் தொடர் முடிந்து, 1861-இல், பிள்ளைகளுக்கான சொற்பொழிவை ஃபாரடே நிறுத்திக்கொண்டார். ஞாபகம் கைகொடுக்கவில்லை. சர் பட்டத்தையும் ராயல் சொசைட்டித் தலைவர் பதவியையும் வேண்டாம் என்று சொன்னவர், 1867 ஆகஸ்ட் 25-இல் மறைந்தார். எளிமையாக ஹைகேட் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். கெப்பாசிட்டர் மேல் எழுதியிருக்கும் மைக்ரோஃபாரட் அவர் பெயர்தான். 1991 முதல் 2001 வரை புழங்கிய இங்கிலாந்தின் 20 பவுண்டு நோட்டில் அவர் சொற்பொழிவாற்றும் படம் இருந்தது.

திருப்பிக் கொடுத்த கடன்

இப்போது அந்தப் புத்தகத்துக்கு வருவோம். ஃபாரடே பெரிய ஆளான பிறகும், தன் ஆராய்ச்சிக் கட்டுரைகளை நன்றியோடு ஜேன் மார்செட்டுக்கு அனுப்பி வைத்தார். அந்த அம்மையார் 1858-இல் காலமானார். அவர் எளிமையாக எழுதியிருக்காவிட்டால், ஒரு பைண்டிங் பையனுக்கு வேதியியல் புரிந்திருக்குமா? அந்தப் பையன் தான் பெற்றதை 19 தடவை பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுத்தார்.

நாம் பட்டம் வாங்காத டிப்ளமோக்காரர்கள் என்று சிலர் கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்பதுண்டு. பார்த்துவிட்டுப் போகட்டும். நமக்கு உண்மையிலேயே பாடம் தெரியுமா என்பதற்கு ஒரு பரீட்சை இருக்கிறது. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஆறாம் வகுப்புப் படிக்கிற தம்பியோ தங்கையோ இருப்பார்கள். பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காற்றில்லாத அறையில் மெழுகுவர்த்தி ஏற்றுங்கள். மெதுவாக ஊதி அணையுங்கள். திரியிலிருந்து வெள்ளையாகப் புகை எழும். எரியும் தீக்குச்சியைத் திரியில் படாமல் அந்தப் புகையில் காட்டுங்கள். நெருப்பு புகை வழியே இறங்கி வந்து திரியைப் பற்றிக்கொள்ளும்!

குழந்தை கண்ணை விரித்து, ஏன் அண்ணா, ஏன் அக்கா என்று கேட்கும். அதற்குப் புரிகிற மாதிரி விடை சொல்லிவிட்டீர்கள் என்றால், அந்தப் பரீட்சையில் நீங்கள் டிஸ்டிங்ஷன்!