வேலூருக்குப் பறந்த குதிரைத் தளபதி

உத்திரமேரூரிலிருந்து காஞ்சீபுரம் போய், அங்கிருந்து வடக்கே சென்றால் புள்ளலூர் என்ற கிராமம் வரும். அங்கே வயல்வெளியில் இரண்டு நினைவுத் தூண்கள் நிற்கின்றன. 1781-ல் ஐதர் அலியோடு நடந்த போரில் மாண்ட வெள்ளைக்கார அதிகாரிகளின் தூண்கள் அவை.

அதற்கு முந்திய ஆண்டு, அதே புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படையை ஐதரும் அவர் மகன் திப்புவும் அடியோடு முறியடித்தார்கள். ஐதரிடம் பெரிய குதிரைப்படை இருந்தது. கும்பெனியிடம் அதற்கு ஈடான குதிரைப்படை இல்லை.

1782-ல் இங்கிலாந்திலிருந்து ஒரு குதிரைப்பட்டாளம் சென்னையில் வந்து இறங்கியது. இந்தியாவுக்கு வந்த முதல் பிரிட்டிஷ் அரசுக் குதிரைப்பட்டாளம் அதுதான். 1786-ல் அதற்கு 19-வது பட்டாளம் என்று பெயர் மாறியது. திப்புவோடு போரிட்டது. 1803-ல் அசாயேப் போரில் மராட்டியரோடு மோதிப் புகழ் பெற்றது. பிறகு ஆற்காட்டில் தங்கியது. 1806-ல் அதற்குத் தளபதியாக வந்தவர்தான் கில்லெஸ்பி.

முரட்டு வாலிபர்

ரோலோ கில்லெஸ்பி 1766-ல் அயர்லாந்தில் கோம்பர் என்ற ஊரில் பிறந்தார். குள்ளமான உருவம். ஆனால் பயம் என்பதே தெரியாது. 17 வயதில் குதிரைப்படையில் சேர்ந்தார். துப்பாக்கிச் சண்டை ஒன்றில் ஒருவரைச் சுட்டுக் கொன்று, வழக்கில் சிக்கி விடுதலையானார்.

மேற்கிந்தியத் தீவுகளில் வேலை பார்த்தபோது, ஓர் இரவு எட்டுப் பேர் அவர் வீட்டுக்குள் புகுந்தார்கள். கில்லெஸ்பி வாளை உருவிக்கொண்டு தனியே பாய்ந்தார். ஆறு பேர் பிணமானார்கள். மற்ற இருவரும் ஓடிப்போனார்கள்.

தலைப்பாகை மூட்டிய தீ

அப்போது வேலூர்க் கோட்டையில் சுமார் 1,500 இந்தியச் சிப்பாய்கள் இருந்தார்கள். அவர்களுக்குப் புதிய தலைப்பாகை ஒன்று வந்தது. அதில் தோலால் ஆன சின்னம் இருந்தது. மாட்டுத் தோலோ என்று இந்துக்கள் அஞ்சினார்கள். பன்றித் தோலோ என்று முஸ்லிம்கள் அஞ்சினார்கள். சீருடையில் இருக்கும்போது நெற்றியில் திருநீறும் நாமமும் கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது என்றும் உத்தரவு பிறந்தது. எதிர்த்தவர்களுக்குக் கசையடி கிடைத்தது.

1806 ஜூலை 10, அதிகாலை 2 மணி. சிப்பாய்கள் கிளர்ந்து எழுந்தார்கள். உறங்கிக் கொண்டிருந்த வெள்ளையர்களைச் சுட்டார்கள். கோட்டைத் தளபதி பான்கோர்ட் மாண்டார். நூற்றுக்கும் மேற்பட்ட வெள்ளைச் சிப்பாய்கள் மடிந்தார்கள். கோட்டையில் திப்புவின் கொடி பறந்தது.

கயிற்றில் ஏறினார்

அன்று காலை கில்லெஸ்பி பான்கோர்ட்டோடு உணவருந்த வேலூர் போவதாக இருந்தார். அந்த நேரத்தில்தான் செய்தி வந்தது. ஆற்காட்டிலிருந்து வேலூர் சுமார் 25 கிலோ மீட்டர். அவர் முழுப் படைக்காகக் காத்திருக்கவில்லை. சுமார் இருபது வீரர்களோடு குதிரையைத் தட்டிவிட்டார். மற்றவர்களைப் பீரங்கியோடு பின்னால் வரச் சொன்னார்.

கோட்டை மதில்மேல் சுமார் அறுபது வெள்ளையர் குண்டு தீர்ந்து தவித்துக் கொண்டிருந்தார்கள். மேலிருந்து விட்ட கயிற்றைப் பிடித்துக் கில்லெஸ்பி ஏறினார். அவர்களைத் திரட்டி, துப்பாக்கி முனைக் கத்தியால் சிப்பாய்களைத் தடுத்து நிறுத்தினார். பீரங்கி வந்தது. கதவு சிதறியது. 19-வது பட்டாளம் உள்ளே பாய்ந்தது. அன்று முற்பகலுக்குள் கோட்டை மீண்டும் கும்பெனி கைக்குப் போயிற்று.

அழியாத கறை

அத்தோடு அவர் நின்றிருந்தால் வீரம் மட்டும் மிஞ்சியிருக்கும். அரண்மனையில் புகலிடம் தேடிய சுமார் நூறு சிப்பாய்களை வெளியே இழுத்து வந்து, சுவரோரம் நிறுத்தினார்கள். கில்லெஸ்பி உத்தரவிட்டார். அத்தனை பேரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். விசாரணை இல்லை. அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தானே!

பிற்பாடு அந்தத் தலைப்பாகை உத்தரவைக் கும்பெனியே கைவிட்டது. சென்னைக் கவர்னர் பெண்டிங்க் பதவி இழந்தார். சிப்பாய்களின் குறையை முன்பே காது கொடுத்துக் கேட்டிருந்தால், இரு பக்கமும் இத்தனை உயிர்கள் போயிரா.

இரண்டு தூண்கள்

கில்லெஸ்பி பிறகு ஜாவாவில் போரிட்டார். மேஜர் ஜெனரல் ஆனார். 1814 அக்டோபர் 31-ல் டேராடூன் அருகே கலங்கா மலைக்கோட்டையைத் தாக்கினார். பலபத்திர குன்வர் என்ற கூர்க்காத் தளபதி சிறு படையோடு கோட்டையைக் காத்து நின்றார். வேலூரைப் போலவே இங்கும் கில்லெஸ்பி முன்னால் பாய்ந்தார். ஆனால் இம்முறை குண்டு நெஞ்சைத் துளைத்தது. மீரட்டில் அவரை அடக்கம் செய்தார்கள். அவருடைய பழைய 19-வது பட்டாளமும் 1821-ல் கலைக்கப்பட்டது.

டேராடூன் அருகே இன்றும் இரண்டு தூண்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்று கில்லெஸ்பிக்கு. மற்றொன்று, அவரை எதிர்த்து நின்ற பலபத்திரருக்கும் கூர்க்கா வீரர்களுக்கும். எதிரியின் வீரத்தையும் மதித்து வெள்ளையர் நட்ட தூண் அது.

வேலூரில் சுவரோரம் விழுந்த சிப்பாய்களுக்கு வெள்ளையர் அப்படியொரு தூண் நடவில்லை. 200 ஆண்டு கழித்து, 2006-ல், சுதந்திர இந்தியா வேலூர்ப் புரட்சிக்குத் தபால்தலை வெளியிட்டது. அவர்களையும் நாடு மறக்கவில்லை.