பேக்கரின் துவக்கும் ஒரு அவுன்ஸ் வெடிமருந்தும்

ஹோட்டன் சமவெளிக்குச் சுற்றுலா செல்பவர்கள் தவறாமல் நின்று படமெடுத்துக்கொள்ளும் இடம் பேக்கர் நீர்வீழ்ச்சி. அதற்குப் பெயர் தந்தவர் சேர் சாமுவேல் வைட் பேக்கர். நுவரெலியாவில் ஆங்கிலேயக் குடியேற்றம் ஒன்றை உருவாக்கியவர், ஆபிரிக்காவின் அல்பேர்ட் ஏரியை ஐரோப்பாவுக்கு அறிவித்தவர் என்று அவரைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அவர் பத்தொன்பது வயதில் தொடங்கி எழுபது வயதுவரை விடாமல் செய்த வேலை வேறு. எவ்வளவு மருந்து போட்டால், எந்த உலோகத்தில் சன்னம் வார்த்தால், எந்த மிருகம் எந்த இடத்தில் விழும் என்று கண்டுபிடிப்பதே அந்த வேலை. இந்த ஆராய்ச்சியின் முதல் எட்டு, ஒன்பது ஆண்டுகள் இலங்கையின் காடுகளில், யானைகளின் மீது நடந்தன.

பேக்கர் 1821 ஜூன் 8ஆம் திகதி லண்டனில் பிறந்தார். குடும்பம் செல்வம் மிக்கது. ஜமேக்காவிலும் மொரிஷியஸிலும் சீனித் தோட்டங்கள், சொந்தக் கப்பல்கள். பிழைப்புக்காக உழைக்க வேண்டிய தேவை இல்லாத இளைஞனுக்குத் துவக்கு ஒரு பொழுதுபோக்காக வந்து, பிறகு ஒரு துறையாகவே மாறியது.

அந்தக் காலத்துத் துவக்கு எப்படி இயங்கியது என்பதை வன்னி வாசகர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. இடியன் துவக்கைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, சன்னத்தை இறக்கி, கம்பியால் இடித்து இறுக்க வேண்டும். தொழிற்சாலையில் அடைத்துவரும் தோட்டா கிடையாது. ஒவ்வொரு வெடியையும் சுடுபவரே தயாரிக்கிறார். மருந்து ஒருமுறை கூடி, மறுமுறை குறைந்தால் சன்னம் ஒரே இடத்துக்குப் போகாது. ஆகவே மருந்தை ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் அளப்பதும், சன்னத்தைக் குழலுக்குப் பொருத்தமாக வார்ப்பதும் வேட்டைக்காரரின் கையில்தான் இருந்தன.

பேக்கர் கவலைப்பட்ட பிரச்சினை இது. ரைபிள் குழலின் உட்சுவரில் திருகுபோல வெட்டப்பட்ட வரிகள் இருக்கும். சன்னம் அந்த வரிகளைப் பற்றிச் சுழன்றபடி வெளியேறுவதால்தான் நேராகப் போகிறது. ஆனால் மருந்தைக் கூட்டினால் மென்மையான ஈயச் சன்னம் வரிகளைப் பற்றாமல் உரிந்துகொண்டு வெளியே பாய்ந்துவிடும், குறி தவறும். இதனால் துவக்குச் செய்பவர்கள் மருந்தைக் குறைத்தார்கள். மருந்து குறைந்தால் வேகம் குறையும், சன்னம் வளைந்து கீழே இறங்கும். தூரத்தைத் துல்லியமாக மதிப்பிட முடிந்தவருக்கு மட்டுமே இலக்கு அகப்படும். அளந்து நட்ட பலகையில் சுடுவதற்கு அது போதும். காட்டில் மிருகம் எத்தனை யார் தூரத்தில் நிற்கிறது என்று யார் அளந்து சொல்வது?

1840இல் பேக்கர் தானே ஒரு ரைபிளை வடிவமைத்து, பிரிஸ்டல் நகரின் கிப்ஸ் என்ற துவக்குத் தயாரிப்பாளரிடம் செய்வித்தார். எடை 21 இறாத்தல், அதாவது ஒன்பதரைக் கிலோ. குழலின் நீளம் 36 அங்குலம். உள்ளே இரண்டே இரண்டு ஆழமான வரிகள். சன்னத்தைச் சுற்றி ஒரு பட்டி வார்க்கப்பட்டு, அந்தப் பட்டி வரிகளுக்குள் சரியாக அமர்ந்தது. இதனால் மருந்தை எவ்வளவு கூட்டினாலும் சன்னம் உரியவில்லை. உருண்டைச் சன்னம் மூன்று அவுன்ஸ், கூம்புச் சன்னம் நான்கு அவுன்ஸ். மருந்து 16 டிராம், அதாவது முழுதாக ஒரு அவுன்ஸ். துவக்கின் பெரும் எடையும் இதற்காகவேதான். அந்த உதையைத் தாங்க மரமும் இரும்பும் அவ்வளவு வேண்டியிருந்தன.

இந்தத் துவக்குடன்தான் 1840களின் நடுப்பகுதியில் அவர் இலங்கைக்கு வந்தார். இங்கிருந்த வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் அப்போது வரியில்லாத சாதாரணத் துவக்குகளையே வைத்திருந்தார்கள். காய்ச்சலில் விழுந்த பேக்கர் உடல் தேற நுவரெலியாவுக்குப் போனார். அந்தக் குளிரும் புல்வெளியும் பிடித்துப்போனதால் இங்கிலாந்து திரும்பி, 1848இல் தம்பி வலன்ரைனையும் குடியேற்றக்காரர்களையும் கால்நடைகளையும் வேட்டை நாய்களையும் கூட்டிக்கொண்டு மீண்டும் வந்தார். மலைநாட்டில் மரையை அவர் பெரும்பாலும் நாய்களைக் கொண்டும் கத்தியைக் கொண்டுமே வேட்டையாடினார். துவக்கு தாழ்நிலத்துக்கு உரியது. மின்னேரியாக் குளக்கரை முதல் தெற்கின் காடுகள் வரை அவர் திரிந்தார்.

யானையின் நெற்றியில் குறிப்பிட்ட ஓரிடத்தில் சன்னம் மூளையை எட்டினால் அது நின்ற இடத்திலேயே விழும். அந்த இடத்தைச் சில அடி தூரத்திலிருந்து சுட்டுச் சுட்டுத்தான் அவர் கற்றார். மீண்டும் மருந்தேற்ற நேரம் கிடைக்காது என்பதால், ஏற்றிய துவக்குகளைச் சுமந்தபடி உள்ளூர் ஆட்கள் பின்னால் வந்தார்கள். யானை பாய்ந்தால் ஓடாமல் நின்று அடுத்த துவக்கை நீட்ட வேண்டியது அவர்களுடைய வேலை. இந்தக் கதையில் அதிகம் பேசப்படாதவர்கள் அவர்களே.

1851இன் இறுதியில் நண்பர்களுடன் போன மூன்று வாரப் பயணமொன்றின் கணக்கை அவர் தமது நூலில் தந்திருக்கிறார். ஐம்பது யானைகள். அவற்றில் 22 அவருடைய துவக்குக்கு விழுந்தவை. இலங்கை யானைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தந்தமே கிடையாது. ஆகவே இது தந்தத்துக்கான கொலைகூட அல்ல. வாலை அறுத்து எடுத்துக்கொண்டு உடலை விட்டுப் போனார்கள்.

பேக்கர் ஒருவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் அரசாங்கம் தப்பிவிடும். பயிரை அழிக்கும் விலங்கு என்று யானைக்கு அப்போது குடியேற்ற அரசே பரிசுப்பணம் கொடுத்தது. 1848க்கு முந்திய மூன்று வருடங்களுக்கும் குறைவான காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்குப் பணம் வழங்கப்பட்டதாக எமர்சன் டெனன்ட் பதிவு செய்திருக்கிறார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்ட மேஜர் ரொஜர்ஸ் 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். இவர்களுக்கிடையில் பேக்கர் எண்ணிக்கையில் முதல்வர் அல்ல. ஒவ்வொரு வெடியையும் கணக்கெழுதி, அதிலிருந்து பாடம் எடுத்தவர் என்பதே அவருடைய தனித்துவம். அவருடைய பக்கங்களை வாசிக்கும்போது எனக்கு அச்சமூட்டுவதும் அந்த நிதானம்தான்.

1855இல் அவர் இலங்கையை விட்டுப் போனார். அதே ஆண்டின் இறுதியில் மனைவி ஹென்றியெற்றா காய்ச்சலில் இறந்தார். 1859இல் விடின் நகரின் அடிமைச் சந்தையில் மீட்ட புளோரன்ஸ் என்ற இளம்பெண் பின்னர் அவருடைய துணைவியாகி, ஆபிரிக்கா முழுவதும் உடன் நடந்தார்.

ஆபிரிக்காவில் இலங்கைப் பாடம் தோற்றது. அங்குள்ள யானையின் மண்டையோட்டு அமைப்பு வேறு, மூளை இன்னும் கீழே இருக்கிறது. இங்கே நம்பகமாக இருந்த நெற்றிக் குறி அங்கே பயனற்றுப் போனது. எலும்பில் பட்ட ஈயம் நசுங்கியது. தகரம் கலந்தால் சன்னம் கடினமாகும், ஆனால் எடை குறையும். எனவே எடை குறையாமல் கடினப்படுத்த, ஈயத்தில் பத்தில் ஒரு பங்கு பாதரசம் கலந்து வார்த்தார். அதிக சூட்டில் பாதரசம் ஆவியாகிவிடும் என்பதால், ஒரு தடவைக்கு மூன்று, நான்கு சன்னங்களுக்கு மட்டுமே கலந்தார். அந்த ஆவி நஞ்சு என்பதை இன்று நாம் அறிவோம்.

இதே காலத்தில் லண்டனின் ஹொலண்ட் நிறுவனம் அவருக்கு அரை இறாத்தல் வெடிகுண்டை எய்யும் ஒரு துவக்கைச் செய்துகொடுத்தது. அவர் அதற்கு வைத்த செல்லப்பெயர் குழந்தை. அவருடைய அரபு ஆட்கள் பீரங்கியின் பிள்ளை என்றார்கள். அதன் உதைக்குப் பயந்து, பல வருடங்களில் சுமார் இருபது தடவை மட்டுமே அதைச் சுட்டார்.

1864 மார்ச்சில் அல்பேர்ட் ஏரி, 1866இல் சேர் பட்டம், 1869 முதல் 1873 வரை எகிப்திய ஆட்சியாளருக்காக மேல் நைலில் அடிமை வணிகத்தை அடக்கும் பணி. இவை பற்றி நிறையவே எழுதப்பட்டுள்ளன.

1890இல் வெளியான காட்டு விலங்குகள் பற்றிய நூலில் அரை நூற்றாண்டு அனுபவத்தைத் தொகுத்தார். பின்புறம் தோட்டா போடும் துவக்குகள் அதற்குள் வந்துவிட்டன. எக்ஸ்பிரஸ் எனப்பட்ட அதிவேக ரைபிள்களில், நுனியில் துளையிட்ட இலகுவான சன்னங்கள் அப்போது பிரபலமாக இருந்தன. அவை தோலைத் தாண்டியதும் சிதறி, மிருகத்தைக் காயத்தோடு ஓடவிடுகின்றன என்று பேக்கர் கடுமையாக எதிர்த்தார். புலிக்குக் கலப்பில்லாத மென்மையான ஈயம் வேண்டும், அது உள்ளே விரிந்து உடலுக்குள்ளேயே நிற்க வேண்டும். யானைக்குக் கடினமான ஈயம் வேண்டும், அது எலும்பைத் துளைக்க வேண்டும். தமது .577 ரைபிளுக்கு அவர் சிபாரிசு செய்தது 648 கிரெயின் எடையுள்ள முழு ஈயச் சன்னமும் ஆறு டிராம் மருந்தும். இளமையில் ஏற்றிய ஒரு அவுன்ஸை விட இது மிகவும் குறைவு.

அடுத்த ஆண்டு, 1891இல், யானைகளையும் எருமைகளையும் வகைதொகையின்றிக் கொல்வதைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் இலங்கையில் நிறைவேறியது. 1893 டிசெம்பர் 30ஆம் திகதி பேக்கர் டெவனில் இருந்த தமது வீட்டில் மாரடைப்பால் இறந்தார்.