சிப்பாயின் ஓரடி

சதுரங்கம் அரசர் ஆட்டம் என்பார்கள். அந்தப் பலகையிலும் முதலில் களம் புகுபவன் யார்? முதலில் பலியாகிறவன் யார்? சிப்பாய்! பின்வாங்கும் உரிமைகூட இல்லாதவன். தளியிலும் ஓசூரிலும் வேலை முடிந்து பலகை விரிக்கும் தோழர்கள் இதை அறிவார்கள். அந்தச் சிப்பாயின் ஓரடியைக் கொண்டு உலகப் புகழ் வீரரை வென்ற ஒருவர் இருந்தார். அவர் மீர் சுல்தான்கான்.

பெயரில்தான் சுல்தான், அரியணை எதுவும் இல்லை. இன்று பாகிஸ்தானில் உள்ள சர்கோதா வட்டாரத்தில் பிறந்தார். முதலில் கற்றது நம் நாட்டுமுறை ஆட்டம். அதில் சிப்பாய்க்கு முதல் நகர்விலும் ஒரே கட்டம்தான். 1929இல் பெருநிலக்கிழார் சர் உமர் ஹயாத்கான் அவரை இலண்டனுக்கு அழைத்துச் சென்றார். அந்த ஆண்டே பிரிட்டிஷ் சாம்பியன் பட்டம்! ஆண்டவர்களின் மண்ணில் ஆளப்பட்டவருக்கு மகுடம்! 1932இலும் 1933இலும் அவரே வென்றார்.

1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் எதிரே அமர்ந்தவர் முன்னாள் உலகச் சாம்பியன், கியூபாவின் காபபிளாங்கா. ஆட்டம் இந்தியத் தற்காப்பு வகையில் தொடங்கியது. ஐந்தாவது நகர்வில் சுல்தான்கான் ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார். கறுப்பு மந்திரி புகுந்து வெள்ளைக் குதிரையை முடக்கும் வழி அடைபட்டது. பின்னர் ராணியைக் கொடுத்து இரு யானைகளை வாங்கினார். 65ஆம் நகர்வில் காபபிளாங்கா பணிந்தார். அந்த ஓரடித் தொடக்கத்துக்கு இன்று வழங்கும் பெயரோ பெட்ரோசியன் முறை!

1933 முடிவில் சீமான் நாடு திரும்பினார், சுல்தான்கானும் திரும்பினார். முப்பதை ஒட்டிய வயதில் உலக அரங்கம் மூடிக்கொண்டது. 1950இல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு முதன்முதலாக 27 பேருக்குக் கிராண்ட்மாஸ்டர் பட்டம் அளித்தது. அவர் பெயர் அதில் இல்லை. 1966இல் மறைந்தார். கௌரவப் பட்டம் 2024இல் வந்தது, 58 ஆண்டுகள் கழித்து!

தோழர்களே, திறமை எந்தக் குடிசையிலும் பிறக்கும். ஒரு சீமானின் பயணத்தோடு அது தொடங்கி, அவர் பயணத்தோடு முடியலாமா? அதே 2024இல் நம் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனார். மகிழ்ச்சி! ஆயினும் எல்லையோரத் தளியின் கூலித் தொழிலாளி பிள்ளைக்கும் பலகை வேண்டும், பயிற்சி வேண்டும், போட்டிக்குப் போகப் பயணச் செலவு வேண்டும். தயவாக அல்ல, உரிமையாக! எட்டாம் கட்டம் சேர்ந்த சிப்பாய் ராணியாகலாம் என்பது ஆட்டத்தின் விதி. அதுவரை வழி மறிக்கப்படாமல் காப்பது நம் வேலை.