பெயர் போடாத பேனா

பேட்மேனைத் தெரியாதவர் நம் ஹாஸ்டலில் உண்டா? சரி, பில் ஃபிங்கரை? போன வருஷம் வரை எனக்கும் தெரியாது.

1914-ல் அமெரிக்காவின் டென்வரில் பிறந்தவர். நியூயார்க்கின் பிராங்க்ஸில் வளர்ந்தார். எழுத்தாளராக ஆசை, வயிற்றுப்பாட்டுக்குச் செருப்பு விற்கும் வேலை. 1939-ல் பாப் கேன் என்ற ஓவியர் ஒரு புது ஹீரோவை வரைந்து காட்டினார். சிவப்பு உடுப்பு, விறைப்பான இறக்கை. ஃபிங்கர் ஒவ்வொன்றாக மாற்றச் சொன்னார்: சாம்பல் நிறம், காது வைத்த தலைமூடி, இறக்கைக்குப் பதில் அங்கி, கைக்கு உறை. புரூஸ் வேன் என்ற பெயரும், பிறகு வந்த காதம் நகரமும் அவர் தந்தவையே. டிடெக்டிவ் காமிக்ஸ் 27-ஆம் இதழின் அந்த ஆறு பக்க முதல் கதையும் அவர் எழுதியதுதான். அச்சானதோ கேன் பெயர் மட்டும்!

அந்நாளில் ஒரு காமிக்ஸ் இதழ் 10 சென்ட், 64 பக்கம். அட்டையில் நிற்கும் ஹீரோவுக்கு ஒரு கதை, மீதியெல்லாம் துணைக்கதைகள். அங்கேயும் ஃபிங்கர் உழைத்தார். 1942-ல் வந்த சென்சேஷன் காமிக்ஸ் முதல் இதழின் அட்டையில் வொண்டர் வுமன். உள்ளே இவருடைய 'வைல்ட்கேட்'. கொலைப்பழியோடு தப்பி ஓடும் குத்துச்சண்டை வீரன், ஒரு சிறுவன் சொல்லும் கிரீன் லான்டர்ன் கதையைக் கேட்டு முகமூடி போடுகிறான். கிரீன் லான்டர்னுக்கு 1940-ல் முதல் கதை எழுதியவரும் ஃபிங்கரே! வைல்ட்கேட்டுக்குப் பறக்கத் தெரியாது, மந்திர மோதிரம் கிடையாது. ரெண்டு கைதான். அதனாலேயே எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும்.

ஏறக்குறைய 25 வருஷம் பேட்மேன் கதை எழுதியவர், 1974-ல் 59 வயதில் வறுமையில் இறந்தார். பேத்தியும் ரசிகர்களும் விடாமல் போராடிய பிறகு, 2015-ல்தான் பேட்மேனின் படைப்பாளியாகக் கேனுக்குப் பக்கத்தில் அவர் பெயரும் ஏறியது. 2017-ல் பிராங்க்ஸில் ஒரு தெருவுக்கும் அவர் பெயர் வைத்தார்கள்.

டிராயிங் ஷீட்டின் வலது மூலையில் வரைந்தவர் பெயர் எழுத மறந்தால் மார்க் குறையும். வெட்டிச் சடங்கு என்று நினைத்திருந்தேன். போன செமஸ்டர் பிராஜக்டில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து வரைந்தது என் அறைத்தோழன். வைவாவில் வாய் கிழியப் பேசிப் பாராட்டு வாங்கியது நான். அவன் ஒண்ணும் கேட்கலை. நானும் சொல்லலை.

மலர் கைக்கு வந்ததும் இந்தப் பக்கத்தைத்தான் அவனிடம் முதலில் நீட்டுவேன்.

– மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்