குறைந்த தரம் பெற்ற மேதை

மார்க் குறைஞ்சா எல்லாமே போச்சுன்னு உட்கார்ந்துவிடுகிறோம். சுவாந்தே அரீனியஸ் அப்படி உட்காரவில்லை.

1859-ல் சுவீடனில் ஒரு நில அளவையாளரின் மகனாகப் பிறந்தார். 1884-ல் உப்சாலா பல்கலைக்கழகத்தில் அவர் கொடுத்த டாக்டர் பட்ட ஆய்வுக்குத் தாழ்ந்த தரமே போட்டார்கள். அவர் விடவில்லை. 1887-ல் கரைசல்களின் பாகுநிலைக்கு, அதாவது விஸ்காசிட்டிக்கு, ஒரு விதி சொன்னார்.

நம்ம பெரிய மார்க்கெட்டில் வாங்கும் விளக்கெண்ணெயில் கொஞ்சம் நல்லெண்ணெய் ஊற்றிப் பாருங்கள், சட்டென்று இளகிவிடும். கச்சா எண்ணெயும் அப்படித்தான். 1,000 சென்டிபாய்ஸ் கனமான எண்ணெயும் 10 சென்டிபாய்ஸ் லேசான எண்ணெயும் சரிபாதி கலந்தால் 505 வராது. அரீனியஸ் விதிப்படி மடக்கை எடுத்துச் சராசரி போட்டால் 100! இன்றும் பொறியாளர்களுக்கு இது ஒரு எளிய முதல் கணக்கு. பிறகு லேபில் அளந்து திருத்துவார்கள். கணக்கு தப்பினால் பம்ப்பும் குழாயும் பொருந்தாமல் போகும்.

தாழ்ந்த தரம் வாங்கிய ஆய்வில் முளைத்த அயனிக் கொள்கைக்கே 1903-ல் நோபல் பரிசு! சுவீடனின் முதல் நோபல் அதுதான். 1927-ல் மறைந்தார்.

வீட்டிலேயே முதல் ஆளாகப் படிக்க வந்த எனக்கு இது பெரிய தெம்பு. அரியர்ஸ் வைத்திருக்கும் தோழா, உனக்கும்தான்!