யெல்லா லெப்மன் அம்மையார்

உலகப் பெரும்போர் இரண்டாம் முறை மூண்டு, 1945ஆம் ஆண்டு மே திங்களில் ஐரோப்பாவில் ஓய்ந்தது. தோல்வியுற்ற செர்மனியின் பெருநகரங்கள் கல்லும் மண்ணுமாய்க் குவிந்து கிடந்தன. அவ்விடிபாடுகளுக்கிடையே பெற்றோரை இழந்த பிள்ளைகள் அலைந்து திரிந்தனர். பதினைந்து, பதினாறு வயதே நிரம்பிய இளைஞர் பலர் போரின் இறுதி மாதங்களில் படைக்கு இழுத்துச் செல்லப்பட்டவர்கள். பன்னிரண்டு ஆண்டுகளாக அவர்கள் பள்ளியிலும் வெளியிலும் கற்றது, இட்லர் என்னும் ஒருவனுடைய புகழும் பிற இனத்தார்மீது கொண்ட பகையுமே ஆகும். கற்றவை எல்லாம் பொய் என்று இப்பொழுது உலகம் கூறிற்று. எதனை நம்புவது, யாரை நம்புவது என்று அறியாமல் அவர்கள் திகைத்து நின்றனர். அப்பிள்ளைகளுக்கு உணவும் உடையும் உறையுளும் வேண்டும் என்பதை எல்லோரும் உணர்ந்தனர். இவற்றோடு நூலும் வேண்டும் என்று விடாது வாதாடியவர் ஓர் அம்மையார். அவரே யெல்லா லெப்மன்.

அம்மையார் தென்செர்மனியில் உள்ள ஸ்டட்கார்ட் நகரில், 1891ஆம் ஆண்டு மே திங்கள் 15ஆம் நாள், யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தையார் தொழில் நடத்தியவர், விரிந்த நோக்கமுடையவர். மகளுக்குப் பதினேழு வயதானபோது அந்நகரத்துப் புகையிலைத் தொழிற்சாலை ஒன்றில் அயல்நாட்டுத் தொழிலாளர் பலர் வேலை செய்துவந்தனர். அவர்களுடைய பிள்ளைகள் பல மொழிகளிலும் நூல் படித்து மகிழுமாறு, யெல்லா ஒரு படிப்பகத்தை அமைத்தார். பிற்காலத்தில் உலகம் போற்றிய பெருஞ்செயலுக்கு அச்சிறு படிப்பகமே வித்து எனலாம்.

1913இல் அவருக்குத் திருமணம் நடந்தது. முதல் உலகப்போரில் படைத்தலைவராய்ச் சென்ற கணவர், 1922இல் காலமானார். கைம்பெண்ணாய், இரண்டு குழந்தைகளுக்குத் தாயாய் நின்ற அம்மையார் சோர்ந்து வீட்டில் அமர்ந்துவிடவில்லை. ஸ்டட்கார்ட் நாளிதழ் ஒன்றில் எழுத்துப் பணி ஏற்றார். அவ்விதழின் ஆசிரியர் குழுவில் இடம்பெற்ற முதற்பெண் அவரே. பெண்களுக்கெனத் தனிப்பகுதி ஒன்றையும் நடத்தினார். 1927இல் சிறுவர்க்கு ஒரு கதைநூலும் எழுதி வெளியிட்டார்.

1933இல் இட்லர் ஆட்சிக்கு வந்தான். அவ்வாண்டு மே திங்கள் 10ஆம் நாள் இரவு, செர்மனியின் பல நகரங்களில் அறிஞர் நூல்களைத் தெருவிற் குவித்துத் தீயிட்டனர். தீயிட்டவருள் பலர் கல்லூரி மாணவர் என்பதை எண்ணும்போது நெஞ்சம் நடுங்குகிறது. கற்கவேண்டிய வயதில் எரிக்கக் கற்பிக்கப்பட்டனர் அவ்விளைஞர். யூதர் என்ற ஒரே காரணத்தால் யெல்லா தம் வேலையை இழந்தார். 1936இல் இரு குழந்தைகளுடன் பிறந்த நாட்டைத் துறந்து, இத்தாலி வழியாக இங்கிலாந்து சேர்ந்தார். போர்க்காலத்தில் இலண்டன் வானொலியிலும், அமெரிக்கர் அங்கே நடத்திய வானொலியிலும் பணிபுரிந்தார்.

போர் முடிந்ததும் அமெரிக்கப் படையினர் அவரை ஒரு பணிக்கு அழைத்தனர். செர்மனியில் தம் ஆட்சிக்குட்பட்ட பகுதியிலுள்ள பெண்கள், இளைஞர் ஆகியோரின் நலம்பற்றி அறிவுரை கூறும் பணி அது. அழைப்பைக் கண்டதும் அம்மையார் மகிழவில்லை, பெரிதும் தயங்கினார். தம் இனத்தாரை இலட்சம் இலட்சமாகக் கொன்று குவித்த நாட்டிற்கு எந்த முகத்தோடு திரும்புவது? எவருக்கு உதவுவது? இவ்வாறு பலநாள் தமக்குள் போராடினார். முடிவில், பெரியோர் செய்த பிழைக்குப் பிள்ளைகள் பொறுப்பாகார் என்று தெளிந்தார். அமெரிக்கப் படைச்சீருடை அணிந்து, 1945இன் பிற்பகுதியில் செர்மனிக்கு வந்தார். துறந்து சென்றவர் வென்றவருடைய உடையில் மீண்டு வந்தார். ஆனால் பழிவாங்க வரவில்லை.

ஊர் ஊராய்ச் சென்று பார்த்த அவர், பிள்ளைகளுக்குப் படிக்கத்தக்க நூல் ஒன்றேனும் இல்லாமையைக் கண்டார். பழைய நூல்களில் நஞ்சு கலந்திருந்தது. புதியன அச்சிடத் தாள் இல்லை. ஆகவே அவர் 20 நாடுகளுக்குக் கடிதம் எழுதினார். தம்மிடம் பணம் இல்லை என்பதை மறைக்கவில்லை. அவ்வந்நாட்டுச் சிறுவர் விரும்பிப் படிக்கும் நூல்களையும், அவர்களே தீட்டிய ஓவியங்களையும் கொடையாக அனுப்புமாறு வேண்டினார். நேற்றுவரை பகைவராயிருந்தவரின் பிள்ளைகளுக்குக் கொடை கேட்பது எளிதா? எனினும், பெரும்பாலான நாடுகள் இசைந்தன. பெல்ஜியம் மட்டும் மறுத்தது. இரு போர்களிலும் செர்மானியப் படையால் மிதிக்கப்பட்ட சிறு நாடு அது. அதன் மறுப்பை யாரும் குறைகூற முடியாது. அம்மையாரோ சினம் கொள்ளாமல் மறுபடியும் எழுதினார். அப்பிள்ளைகள் பிறநாட்டாரை அறியாமலே வளர்வாராயின் மூன்றாம் முறையும் படையெடுப்பு நேரலாம் அன்றோ என்று உணர்த்தினார். பெல்ஜியத்திலிருந்து நூல்கள் வந்துசேர்ந்தன.

இவ்வாறு திரண்ட ஏறத்தாழ 4,000 நூல்களைக் கொண்டு, 1946 சூலை 3ஆம் நாள் மியூனிக் நகரில் ஒரு கண்காட்சி திறக்கப்பட்டது. அது நடைபெற்ற இடமும் குறிக்கத்தக்கது. தன் கொள்கைக்கேற்ற கலைகளையே மக்கள் காணவேண்டும் என்று இட்லர் கட்டுவித்து 1937இல் திறந்துவைத்த கலைமாளிகை அது. அதே மாளிகையில் பல நாட்டு நூல்களும் பக்கத்திற் பக்கம் அமர்ந்தன. பின்னர் அக்கண்காட்சி ஸ்டட்கார்ட், பிராங்க்பர்ட், பெர்லின் முதலிய நகரங்களுக்கும் சென்றது. பெர்லினில், போரிட விரும்பாமல் பூக்களை முகர்ந்து மகிழும் ஓர் எருதின் கதையைச் செர்மானிய மொழியில் பெயர்த்து, செய்தித்தாள் அச்சிடும் தாளில் 30,000 படிகள் அச்சிடச் செய்து அம்மையார் வழங்கினார். இட்லர் ஆட்சியில் விலக்கப்பட்டிருந்த அமெரிக்க நூல் அது.

காட்சி முடிந்தால் நூல்கள் கலைந்துபோகும். பிள்ளைகளுக்கோ நிலையான இடம் வேண்டும். 1948இல் அமெரிக்கா சென்று, குடியரசுத் தலைவராயிருந்த ரூசுவெல்ட்டின் துணைவியார் எலினார் அம்மையாருடைய ஆதரவைப் பெற்றார். ராக்பெல்லர் அறநிலையம் பொருளுதவி செய்தது. 1949 செப்டம்பர் 14ஆம் நாள் மியூனிக்கில், காவுல்பாக் தெருவில் இருந்த ஒரு வீட்டில், பன்னாட்டு இளையோர் நூலகம் திறக்கப்பெற்றது.

இந்நூலகம் நடந்த முறையே அம்மையாரின் உண்மையான பெருமையை விளக்குவதாகும். நூலைப் பூட்டிக் காப்பதே நூலகத்தின் கடமை என்று எண்ணுவோர் எந்நாட்டிலும் உண்டு. அந்நாளில் செர்மானிய நூலகங்களில் சிறுவர் தாமே அடுக்கிலிருந்து நூலை எடுத்தல் அரிது. பணியாளரிடம் கேட்டு, அவர் கொடுப்பதைப் பெற்றுச் செல்லவேண்டும். இங்கே அடுக்குகள் திறந்தே கிடந்தன. சிறுவர் தம் கையால் எடுத்தனர். விரும்பாததைத் திருப்பி வைத்தனர். இது சிறு செய்தியாகத் தோன்றலாம். ஆயினும், எதனைப் படிக்கவேண்டும் என்பதைக்கூட அரசே விதித்த நாட்டில், தானே தேர்ந்தெடுத்தல் என்பது ஒரு பெரிய பயிற்சி.

சின்னஞ்சிறார்க்குக் கதைசொல்லும் வேளை இருந்தது. ஆனால் அம்மையாரை மிகுதியும் கவலைகொள்ளச் செய்தவர், குழந்தைப்பருவம் கடந்தும் முதிர்ச்சி எய்தாத இளைஞரே. கதைசொல்லி மகிழ்விக்க அவர்கள் குழந்தைகள் அல்லர். அறிவுரை கூறினாலோ எழுந்து போய்விடுவர். அணிவகுத்து நடக்கவும், கட்டளைக்குக் கீழ்ப்படியவும் மட்டுமே அவர்கள் பழகியிருந்தனர். ஆதலின் அவர்களே செய்வதற்குரிய பணிகளை நூலகத்தில் அமைத்தார்.

அவற்றுள் ஒன்று ஓவியக்கூடம். வண்ணமும் தூரிகையும் தாளும் அங்கே கிடைக்கும். ஒன்றைப் பார்த்து அப்படியே வரைக என்ற கட்டளை இல்லை. படித்த கதையை வரையலாம். மனத்தில் தோன்றியதையும் வரையலாம். தம் உருவத்தைத் தாமே தீட்டுமாறு பல நாட்டுப் பிள்ளைகளையும் தூண்டி, அப்படங்களைத் திரட்டிக் காட்சிக்கு வைத்தனர். கூட்டத்தில் ஒருவனாய் மட்டுமே தன்னை எண்ணி வளர்ந்த சிறுவன், கண்ணாடிமுன் நின்று, தான் எத்தகையவன் என்று நோக்குகின்றான். இதைவிடச் சிறந்த மருந்து வேறு ஏது?

மற்றொன்று நூல்பற்றிய உரையாடற் கூட்டம். இளைஞர் ஒரு நூலைப் படித்து வந்து வட்டமாக அமர்வர். ஒருவருக்குப் பிடித்தது மற்றவருக்குப் பிடிக்காது. காரணம் காட்டி மறுத்துப் பேசுவர்; மறுத்தவரோடு பகை கொள்ளாமல் கலைந்து செல்வர். மாற்றுக்கருத்தே குற்றமெனக் கருதப்பட்ட ஆட்சியில் வளர்ந்தவர்க்கு இஃது எளிதில் வந்துவிடவில்லை. அயல்மொழி கற்பிக்கும் வகுப்புகள் இருந்தன. நாடகம் நடித்தலும் உண்டு. உலக நாடுகள் அவையைப்போல இளையோர் அவை ஒன்றும் கூடிற்று. அதில் இளைஞர், நாடுகளின் சார்பில் நின்று உலகச் சிக்கல்களை ஆராய்ந்து பேசினர். பிறநாட்டான் இடத்தில் தன்னை வைத்து நோக்கினாலன்றி அவன் சார்பில் பேச இயலாது. விளையாட்டுப்போலத் தோன்றும் இச்செயலில் அம்மையார் அமைத்த நுட்பம் இதுதான்.

அம்மையாருடைய நண்பருள் ஒருவர் எரிச் கேஸ்ட்னர் என்னும் பெரும்புலவர். 1933இல் எரிக்கப்பட்ட நூல்களுள் அவருடையனவும் அடங்கும். பெர்லினில் அக்கொடுமையை அவர் நேரில் நின்று கண்டார். மாந்தர் கூட்டும் மாநாடுகளால் அமைதி விளையாமை கண்டு, விலங்குகள் குழந்தைகளின் பொருட்டுத் தாமே மாநாடு கூட்டுவதாக ஒரு கதை எழுதினார். அக்கதைக்குக் கருத்து வழங்கியவர் லெப்மன் அம்மையாரே. அந்நூலும் நூலகம் திறக்கப்பட்ட 1949ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது.

அம்மையார் மென்மையானவர் என்று எண்ணிவிடலாகாது. எடுத்த செயலில் பிடிவாதம் மிக்கவர். மறுப்பவரை எளிதில் விடமாட்டார். அவரோடு உடன் உழைத்தல் சிலருக்குக் கடினமாகவே இருந்திருக்கும். எனினும் பணமும் தாளும் கட்டடமும் இல்லாத காலத்தில் இனிய சொல் மட்டும் நூலகம் எழுப்பியிராது என்பது என் கருத்து.

சிறுவர் நூல்களுக்கெனப் பன்னாட்டுக் கழகம் ஒன்று வேண்டும் என்ற அவருடைய முயற்சி, 1953இல் சுவிட்சர்லாந்து நாட்டுச் சூரிச் நகரில் நிறைவேறிற்று. சிறந்த சிறுவர் எழுத்தாளர்க்கு ஆண்டர்சன் பெயரால் அக்கழகம் வழங்கும் பரிசு 1956இல் முதன்முதல் அளிக்கப்பட்டது. ஆண்டுதோறும் ஏப்ரல் 2ஆம் நாள், பன்னாட்டுச் சிறுவர் நூல்நாள் 1967 முதல் கொண்டாடப்பட்டு வருகிறது. அது ஆண்டர்சன் பிறந்த நாள்.

1957இல் நூலகப் பொறுப்பிலிருந்து விலகிய அம்மையார் சூரிச்சில் வாழ்ந்தார். தம் பணியின் வரலாற்றை 1964இல் நூலாக வெளியிட்டார். நூலை நாடுகளுக்கிடையே கட்டிய பாலமாகக் கருதி, அதற்கேற்பவே பெயரிட்டார். 1970 அக்டோபர் 4ஆம் நாள், தம் எழுபத்தொன்பதாம் வயதில் மறைந்தார். நூல்கள் பெருகிப் பழைய வீடு போதாமற் போகவே, 1983இல் நூலகம் மியூனிக்கின் மேற்கே உள்ள புளூட்டன்பர்க் என்னும் பழங்கோட்டைக்குப் பெயர்ந்தது. கடிதம் எழுதி இரந்து பெற்ற நூல்களில் தொடங்கிய அந்நூலகத்தில் இன்று 240க்கும் மேற்பட்ட மொழிகளில் ஆறு இலட்சத்துக்கும் அதிகமான நூல்கள் உள்ளன.