கோலத்துக்கு இலக்கணம் எழுதிய கணக்கு வாத்தியார்



கம்ப்யூட்டரில் பெயிண்ட் திறந்தால் பெட்டி வரைய இரண்டு கருவிகள் இருக்கும். ஒன்று மூலை கூராக இருக்கும் பெட்டி. இன்னொன்று மூலை உருண்ட பெட்டி. செல்போனில் நாம் தொடுகிற பொத்தான்களில் நிறைய இந்த இரண்டாவது ரகம்தான். மூலையை உருட்டி வரைவது நமக்கு என்ன புதுசா? நம்ம வாசலில் தினமும் அதுதானே நடக்குது! புள்ளியைச் சுற்றி வரும் கம்பியை எந்த அம்மாவும் வெடுக்கென்று ஒடிக்க மாட்டாங்க. வளைச்சுத்தான் கொண்டு போவாங்க. அந்தக் கோலத்தைக் கம்ப்யூட்டருக்குப் புரிகிற விதிகளாக எழுதி உலகத்துக்குக் காட்டியவர்களில் முக்கியமானவர் நம்ம தமிழ்நாட்டுக் கல்லூரி ஆசிரியர் ஒருவர். அவர்தான் கிஃப்ட் சிரோமணி. அவருடைய வாழ்க்கையைத்தான் இந்த இதழில் எழுதுகிறேன்.

கிஃப்ட் சிரோமணி 1932-ஆம் ஆண்டு பிறந்தார். தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணக்கு சொல்லிக் கொடுத்தார். பிறகு அங்கேயே புள்ளியியல் துறைக்குத் தலைவராக இருந்தார். அவருடைய மனைவி ராணி சிரோமணியும் அதே கல்லூரியில் கணிதப் பேராசிரியர். கம்ப்யூட்டர் அறிவியலின் கணக்குப் பகுதியில் பெரிய பெயர் எடுத்தவர். கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து ஆராய்ச்சி செய்தார்கள் என்பதே எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்.

கணக்கு வாத்தியார் என்றால் கணக்கு மட்டும்தான் என்று அவர் இருக்கவில்லை. மாமல்லபுரம் சிற்பங்களில் உள்ள உடை, நகைகளை ஆராய்ந்து எழுதினார். பழைய எழுத்துகளில் அவருக்கு அவ்வளவு ஆசை. தமிழி என்கிற பிராமி எழுத்தில் க என்ற எழுத்து வெறும் கூட்டல் குறி மாதிரி இருக்கும். ர என்பது நேராக நிற்கும் ஒரு கோடு. அதெல்லாம் நூறு நூறு வருஷமாக மாறி மாறித்தான் இன்றைய வடிவத்துக்கு வந்தது. திருக்குறளைப் பழைய காலத்து எழுத்துகளில் எழுதிக் காட்டும் ஒரு புத்தகத்தை 1980-இல் அவரும் அவருடன் வேலை செய்தவர்களும் கொண்டு வந்தார்கள். அச்சடித்த தமிழ் எழுத்தைக் கம்ப்யூட்டரே பார்த்துக் கண்டுபிடிப்பது பற்றி 1978-இலேயே ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள். நம்மில் பலருடைய அப்பா அம்மாவே அப்போது சின்னப் பிள்ளைகள்!

இப்போது கோலத்துக்கு வருகிறேன். 1970-களில் கிஃப்ட், ராணி, அவர்களுடன் கமலா கிருத்திவாசன் மூன்று பேரும் படங்களுக்கு இலக்கணம் எழுதும் வேலையில் இருந்தார்கள். கமலா அவர்கள் பிற்காலத்தில் சென்னை ஐஐடியில் பேராசிரியர் ஆனவர். படத்துக்கு எதுக்கு இலக்கணம் என்று கேட்கலாம். எழுத்துகளை எந்த விதிப்படி சேர்த்தால் சொல் வரும், சொற்களை எப்படிச் சேர்த்தால் வாக்கியம் வரும் என்று இலக்கணம் சொல்கிறது இல்லையா? அதே மாதிரி குறிகளை வரிசையாகவும் பத்தியாகவும் அடுக்க விதி சொன்னால் படம் வரும். 3 புள்ளிக் கோலம் தெரிந்தவருக்கு 5 புள்ளி, 7 புள்ளி எல்லாம் தானாக வருகிறது. யாரும் ஒவ்வொன்றாகச் சொல்லித் தருவதில்லை. உள்ளே ஒரு விதி இருக்கிறது என்று அர்த்தம். அந்த விதியை எழுதிக் காட்டும் கட்டுரையை மூவரும் 1974-இல் கம்ப்யூட்டர் படங்களைப் பற்றிய ஒரு வெளிநாட்டு ஆராய்ச்சி இதழில் வெளியிட்டார்கள். கோலம் என்ற நம்ம சொல் அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே இருந்தது.

அடுத்து கம்பிக் கோலம். நம்ம பக்கம் சிக்குக் கோலம் என்றும் சொல்வோம். எடுத்த கை வைக்காமல் புள்ளிகளைச் சுற்றிப் போய், தொடங்கிய இடத்துக்கே வந்து சேரணும். இதை அவர்கள் படமாகப் பார்க்கவில்லை, ஒரு நடையாகப் பார்த்தார்கள். கை எப்படியெல்லாம் நகர்கிறது என்று பிரித்தால் ஏழே ஏழு நகர்வுதான். நேராகப் போவது ஒன்று. வலப்பக்கம் மூன்று, இடப்பக்கம் மூன்று. அந்த மூன்று என்ன? சும்மா வளைந்து திரும்புவது. முழுசாக வந்த பக்கமே திரும்புவது. சுற்றி வளைத்து ஒரு கண்ணி போட்டு, தன் கோட்டையே தாண்டிப் போவது.

நமக்கு இது சுலபமாகப் புரியும். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு வரும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு இருக்குதே, அதுதான் இரண்டாவது நகர்வு. ஊருக்குள் வந்தபின் சேர்வராயன் கோயிலுக்குப் போகும் வழியில் வண்டி லேசாகத் திரும்புமே, அது முதல் நகர்வு. எந்த பஸ்ஸும் மூலையில் நின்று சட்டென்று திரும்ப முடியாது. ரோட்டை வளைத்துத்தான் போடணும். கோலக் கையும் அப்படித்தான்.

கம்ப்யூட்டரிடம் 10 அடி போ, திரும்பு, 10 அடி போ என்று மட்டும் சொன்னால் கூர் மூலைதான் வரும். கோலமாக வேண்டும் என்றால் மூலையை எடுத்துவிட்டு அங்கே வட்டத்தின் ஒரு துண்டை வைக்கணும். பெயிண்டில் வரும் உருண்ட பெட்டியும் இதே வித்தைதான். ஒரு கணக்குப் பார்ப்போம். நீளம் 20 செ.மீ., அகலம் 10 செ.மீ. உள்ள பெட்டி. மூலையின் ஆரம் 2 செ.மீ. ஒவ்வொரு பக்கத்திலும் இரு முனையிலும் 2 செ.மீ. போய்விடும். ஆகவே நேர்கோடுகள் 16, 16, 6, 6. மொத்தம் 44. நாலு மூலையும் நாலு கால்வட்டம், சேர்த்தால் ஒரு முழு வட்டம். அதன் சுற்றளவு 2 × 3.14 × 2 = 12.56. ஆக மொத்தம் 56.56 செ.மீ. கூர் மூலை என்றால் 60 வந்திருக்கும். ஆரத்தை 5 ஆக்கினால் பெட்டி கேப்சூல் மாத்திரை மாதிரி ஆகிவிடும். 6 ஆக்கவே முடியாது, ஏன் என்றால் 10 செ.மீ. பக்கத்தில் இரண்டு 6 அடங்காது. புரோகிராம் எழுதுபவர்கள் இந்த எல்லையைச் சரிபார்த்துத்தான் எழுதணும்.

கிஃப்ட் சிரோமணி கோலத்தைக் கடைசி வரை விடவில்லை. கம்பிக் கோலத்தின் இலக்கணம் பற்றிய கட்டுரை 1987-இல் வந்தது. அடுத்த வருஷமே, 1988-இல் அவர் காலமானார். அறுபது வயதுகூட ஆகவில்லை. அந்த 1980-களிலேயே கனடாவில் செடி கொடிகளைக் கம்ப்யூட்டரில் வரையும் ஆராய்ச்சி செய்தவர்கள் நம்ம கோலத்தையும் எடுத்து வரைந்து காட்டினார்கள். ராணி அம்மா அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ஆராய்ச்சி செய்து 2019-இல் மறைந்தார்.

இவரைப் பற்றி நான் எழுத ஒரு காரணம் உண்டு. எங்க ஆயா பள்ளிக்கூடமே போனதில்லை. 15 புள்ளி வைத்து ஒரே கம்பியில் சிக்குக் கோலம் போடுவாங்க. எங்காவது தப்புதா என்று குனிந்துகூடப் பார்க்க மாட்டாங்க. ஆனால் அவங்ககிட்ட கேட்டால் தனக்கு ஒண்ணும் தெரியாது என்றுதான் சொல்லுவாங்க. பெரிய கல்லூரியில் துறைத் தலைவராக இருந்த ஒருவர், இந்த மாதிரி பெண்களின் கையில் இருப்பது கணக்குதான் என்று சொன்னார். சும்மா புகழ்ந்துவிட்டுப் போகவில்லை, விதி விதியாக எழுதியும் காட்டினார். கணக்கு நமக்கு வராது என்று நம்ம வகுப்பில் சொல்லும் பெண் பிள்ளைகள் இதை ஒரு தடவை நினைத்துப் பார்க்கணும்.

நம்ம மலையில் மார்கழிப் பனி வெயில் வருவதற்குள்ளேயே கோலத்தைக் கரைத்துவிடும். போட்டவங்க போனால் கோலமும் போயிடும். இப்போது கடையில் ஒட்டுற கோலமும் வந்துவிட்டது. அதனால் ஒரு வேண்டுகோள். உங்க வீட்டில், பக்கத்து வீட்டில் யாருக்குத் தெரியுமோ அவர்களிடம் கேட்டு ஆளுக்கு ஒரு கோலத்தை நோட்டில் வரைந்து கொண்டு வாங்க. எத்தனை புள்ளி, எங்கே தொடங்குது, எத்தனை கம்பி என்று எழுதுங்க. அடுத்த இதழில் இந்த இடம் முழுக்க அதையே ஒட்டுவோம்.

கடைசியாக ஒரு புதிர்: 10 செ.மீ. பக்கமுள்ள சதுரத்துக்கு மூலை ஆரம் 5 செ.மீ. வைத்தால் என்ன உருவம் வரும்? அதன் சுற்றளவு எவ்வளவு? விடையை எழுதி 9-ஆம் வகுப்பில் கொடுங்கள்.

— 9-ஆம் வகுப்பு மாணவி